ஏழாவது ஓட்டு

செப்டம்பர் 29, ஞாயிறு

தேர்தல் ஆய்வுக்காரர்கள் அனுப்பிய உறை வந்துவிட்டது. தேர்தல் வரைக்கும் வாரம் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். எத்தனை மணி நேரம் செய்தி பார்த்தீர்கள், எத்தனை தடவை ஜெபித்தீர்கள், உங்கள் அரசியல் கருத்தைத் தீர்மானிப்பதில் மதத்துக்கு எவ்வளவு பங்கு, செய்திக்கு எவ்வளவு, சொந்தக் கொள்கைக்கு எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும். இத்தனை கோடி ஜனம் இருக்கிற அமெரிக்காவில், கார்ப்பெட் மில்லை விட்டால் வேறொன்றும் இல்லாத இந்த ஜார்ஜியா ஊரில், பள்ளிக்கூட கேன்டீனில் பட்டாணி அள்ளிப் போடுகிற இந்த எப்சிபாயின் கருத்து இவர்களுக்கு எதற்கோ. ஆனாலும் கேட்டுவிட்டார்களே! இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

படிவத்தில் பொய் எழுதிவிடக் கூடாது. அதனால் முதலில் இந்த நோட்டில் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டு பிறகு அதில் வட்டம் போடலாம் என்று இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி படிவத்தை வாங்கிப் புரட்டினார். மில்லில் சாயப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு இரண்டே வேலை. ஒன்று சபையில் டிரஸ்டி. இன்னொன்று டி.வி. செய்தி.

"நான் சொல்லுதேன், நீ வட்டம் போடு" என்றார். வழக்கம் அதுதான். வீட்டில் எல்லாப் படிவமும் அவர் கை. தபாலில் வரும் ஓட்டுச் சீட்டில்கூட அவர் விரல் வைக்கிற இடத்தில்தான் நான் கறுப்பாக்குவேன்.

"எம்பேருக்குல்லா அனுப்பியிருக்காவ" என்றேன்.

அவர் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். இன்று ஆறு மணி நேரம் செய்தி ஓடியது. நான் பார்த்தது பத்து நிமிஷம், காதில் விழுந்தது ஆறு மணி நேரமும். எதை எழுதுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 2, புதன்

சபையில் புதன்கிழமை விருந்துக்கு உருளைக்கிழங்கு நாற்பது கிலோ. நானும் மாரிசோலும் உரித்தோம். அவள் குவாத்தமாலாக்காரி. அவள் புருஷனைக் காகிதம் இல்லை என்று கோழிப் பண்ணையில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த நாட்டில் தங்க இவள் நடத்துகிற வழக்கு அப்பீலில் நிற்கிறது. வாடகை வீட்டுச் சொந்தக்காரன் காலி பண்ணச் சொல்லிவிட்டான். ஆகஸ்டில் பாஸ்டர் ஹாலண்ட், தீர்ப்பு வரும்வரை இருக்கட்டும் என்று சபையின் பின்கட்டில் ஒரு அறையைக் கொடுத்தார். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே தரம், அதனால் நன்றாகப் புரிந்துகொள்கிறோம்.

அந்தப் பிள்ளைகள் சபை ஊஞ்சலில் ஆடுவதை யாரோ படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு உள்ளூர் ரேடியோக்காரன், காகிதம் இல்லாதவர்களைச் சபை வைத்திருக்கிறது என்று இரண்டு நாளாகக் கத்துகிறான். சபைக்குப் போன் மேல் போன். கடைசியில் டிரஸ்டிகள் ஓட்டெடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. இருபத்தேழாம் தேதி. இருக்கலாமா, போக வேண்டுமா.

மாரிசோலுக்கு விஷயம் தெரியும். உருளைக்கிழங்குத் தோலை மெல்லிசாக உரித்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

டிரஸ்டிகள் ஏழு பேர். மூன்று பேர் இருக்கட்டும் என்கிறார்கள், மூன்று பேர் அனுப்பிவிடலாம் என்கிறார்கள். ஏழாவது ஆள் என் வீட்டுக்காரர்!

பாஸ்டர் அந்நியரை வீட்டில் சேர்ப்பது பற்றிப் பிரசங்கம் செய்தார். பிரசங்கம் முடிந்து காபி குடிக்கும்போது ரிக் டாலி வேறொரு வசனத்தைக் காட்டினார், அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது பற்றி. ரிக் கூரை போடுகிற கான்ட்ராக்டர். அனுப்பிவிடலாம் என்கிற மூன்று பேருக்கும் அவர்தான் வாய். கெட்ட மனுஷன் என்று சொல்லவே முடியாது. புயலில் எங்கள் கூரை போனபோது கூப்பிடாமலே வந்து தார்ப்பாய் கட்டியவர். ஒரே வேதத்தை இரண்டு பேரும் வைத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் நல்லவர்கள். இதை ஆய்வுக்காரர்கள் எந்த வட்டத்தில் போடுவார்கள்?

காரில் வரும்போது ரேடியோ. அதே ஆள், அதே கத்தல். இவர் தலையாட்டிக்கொண்டே ஓட்டினார்.

"நான் வரிசையில நின்னு வந்தவன், எப்சி. எம்பேப்பர்ல ஒரு அழுக்கு கெடையாது. இவிய மட்டும் பொறவாசல் வழியா வரலாமோ?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் பேப்பர் பற்றிய ஒரு பழைய கடித விஷயம் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் இதில் தலையிடப் போவதில்லை. சபைக் காரியம், அவர்கள் பாடு.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளியில் பீட்சா நாள். முழங்கால் வலி.

அக்டோபர் 10, வியாழன்

டி.வி. ரிமோட்டைக் காணவில்லை. இவர் சோபாவைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அரிசி டப்பாவுக்குள் மட்டும் தேடவில்லை.

சாயங்காலம் வீடு அமைதியாக இருந்தது. இவர் பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த வாரப் படிவத்தில் செய்தி நேரம் குறையும்.

அக்டோபர் 13, ஞாயிறு

கோழிக் குழம்பு கூடிப்போய்விட்டது. கொட்டவா முடியும்? ஆராதனை முடிந்து மாரிசோலையும் பிள்ளைகளையும் சாப்பிட அழைத்து வந்தேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் இவர் முகம் சுளிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நம்ம தெற்கத்தி நாசரேத்துக்காரர் ஆயிற்றே, பந்தியில் உட்கார்ந்துவிட்டால் யாரானாலும் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்லியே தீருவார். சின்னவள் காரம் தாங்காமல் மூக்கை உறிஞ்ச, இவரே எழுந்து போய்த் தயிர் எடுத்து வந்தார்.

பேச்சு வாக்கில், வழக்கு எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று கேட்டார். முதல் விசாரணைக்கு மாரிசோல் போகவில்லையாம். தேதி போட்ட கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த வீட்டில் இருந்தவன், இந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று எழுதித் திருப்பிவிட்டான். அவள் வரவில்லை என்று, நாட்டை விட்டு அனுப்பச் சொல்லிக் கோர்ட் தீர்ப்பு எழுதிவிட்டது.

இவர் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே நின்றார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போது, விசாரணை தவறிப்போன கதையை எங்க வீட்டுக்காரரிடம் சொல்லு என்று மாரிசோலிடம் சொன்னது உண்மைதான். ஒரு பேச்சுக்குச் சொன்னது.

அக்டோபர் 15, செவ்வாய்

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு இன்று வெடித்தார்.

"நீ வேணும்னேதான் கூட்டிட்டு வந்த."

"கொழம்பு கூடிப்போச்சு."

"எனக்கு ஒன்னத் தெரியாதாக்கும்! அவ கத வேற, நம்ம கத வேற, கேட்டியா? நான் விசாவோட வந்தவன்."

"ஆமா, வேறதான். எது வேறன்னு நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்."

அவர் சமையலறைக்குப் போய்விட்டார். ரிமோட் கிடைத்துவிட்டது. அரிசி அளக்கும்போது அவரே எடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அக்டோபர் 18, வெள்ளி

மகள் ஜெனிதா சிகாகோவிலிருந்து பேசினாள். பள்ளி ஆசிரியை. ஃபேஸ்புக் படம் அவள் வரைக்கும் போயிருக்கிறது.

"அப்பா அவங்கள வெளிய அனுப்ப ஓட்டுப் போட்டாங்கன்னா, தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நான் வரலம்மா. அப்பாவுக்கு எல்லாமே ஈஸியா கெடச்சுது, அதான் மத்தவங்க கஷ்டம் தெரியல."

"அப்படி இல்லடி, ஒங்கப்பா..." என்று ஆரம்பித்து, அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

வாக்குக் கொடுத்தது வாயால் சொல்ல மாட்டேன் என்று. எழுத மாட்டேன் என்று சொன்னதில்லை. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

1994. நான் இவருக்கு வாழ்க்கைப்படுவதற்கு மூன்று வருஷம் முன்னால். மில் வக்கீல் இவர் விசாவை நீட்டிக்க மனுப் போட்டிருந்தார். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதியதில், அப்பா பேரான தேவசகாயம் இவருடைய குடும்பப் பேராகப் பதிவாகிவிட்டது. நம்மில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். அரசாங்கம் இன்னின்ன காகிதம் அனுப்பு என்று கேட்டுக் கடிதம் போட்டது, மிஸ்டர் தேவசகாயம் என்று. என் மாமனார் 89-லேயே இறந்து நாசரேத் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதே தப்பு, அதிலும் செத்துப்போன அப்பாவின் கடிதம். இவர் பிரிக்காமலே, "இவர் காலமாகிவிட்டார், மன்னிக்கவும்" என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதித் தபால்காரரிடம் கொடுத்துவிட்டார். இரண்டாம் கடிதத்தையும் அப்படியே. மூன்றாவதையும் அப்படியே!

"அப்பா பேருக்கு அமெரிக்காவுல எப்படிக் கடிதம் வரும்னு யோசிக்கலையா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"ஃபார்ம்ல அப்பா பேரு கேட்டானுவல்லா? அதான் அவருக்கும் ஒண்ணு எழுதுதான்னு நெனச்சேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் வாக்கு வாங்கினார்.

பதில் வராததால் மனுவைத் தள்ளிவிட்டார்கள். பதிமூன்று மாதம் இவர் இந்த நாட்டில் காகிதம் இல்லாத ஆள். மில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. இந்தச் சபையில் மூப்பராக இருந்த கோபர்ன் என்கிற பெரியவர் இவருக்கு இடமும் சாப்பாடும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அப்புறம் வந்த ஒரு சட்டத்தில் அபராதம் கட்டி எல்லாம் நேரானது. கோபர்ன் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இப்போது இதெல்லாம் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

இவருக்கு அது வெட்கம். சட்டத்தை மீறியவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற வெட்கம். அந்த வெட்கத்துக்கு டி.வி. தினமும் ஆறு மணி நேரம் சாப்பாடு போடுகிறது. இதை நான் கோபமாக எழுதவில்லை. பாவமாக இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

மத்தியானம் ரிக் ஏணியோடு வந்தார். கூரை ஓரத்து மழைநீர்க் குழாய் தொங்குவதை ரோட்டிலிருந்தே பார்த்தாராம். சரி செய்துவிட்டு டீ குடித்தார்.

"அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு சபை சட்டத்துக்கு வெளியே நிற்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்றுதான் பயம். உனக்குப் புரியும், நீ முறையாக வந்தவன்" என்றார் இவரிடம்.

போகும்போது ரிக் கை நீட்டினார், இவர் கொடுத்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். டீ கோப்பை கழுவும்போது ஒன்றை உடைத்துவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இந்தத் தடவை தபாலில் வேண்டாம், நேரில் போய் ஓட்டுப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். தபால் வேளைக்குப் போய்ச் சேராது என்று காரணம் சொன்னேன். நூலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் தேர்தல் நாளுக்கு முன்னாலேயே போடலாம். அங்கே ஆளுக்கு ஒரு தடுப்பு. பக்கத்தில் விரல் வைக்க யாரும் இல்லை.

முதல் தடவையாகத் தனியாக நின்றேன். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மூன்று இடத்தில் இவர் போட்டிருக்கக்கூடியதையே போட்டேன், இரண்டு இடத்தில் மாற்றிப் போட்டேன். யோசித்துப் போட்டதில் ஒரு சந்தோஷம்.

"எதுக்குப் போட்ட?" என்றார் காரில்.

"எனக்குச் சரின்னு பட்டதுக்கு."

சிக்னலில் பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அக்டோபர் 25, வெள்ளி

இன்று காலையிலிருந்து டி.வி. போடவில்லை. ரிமோட் மேஜை மேலேயேதான் இருக்கிறது, நான் தொடவில்லை.

அக்டோபர் 26, சனி

கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டேன். இவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்:

"விலாசம் மாறினா கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கணும்னு அந்தப் புள்ளைக்கு ஒருத்தரும் சொல்லலையோ?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பாலிஷ் போட்டு முடித்த ஷூவையே மறுபடி கையில் எடுத்தார். திரும்பப் பாலிஷ் போட ஆரம்பித்தார்.

நாளைக்கு எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன். நாளைக்கு அவர் அந்தப் பிள்ளைகளை ரோட்டில் விட்டுவிட்டு வந்தால் நான் அவருக்குச் சோறு போடுவேன், துணி துவைப்பேன். ஆனால் பழையபடி மதிக்க முடியுமா தெரியவில்லை. அந்தப் பயம்தான் என்னை இந்த ஒரு மாதமாக அரித்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

கூட்டம் சபை ஹாலில். காபி போடுகிற சாக்கில் நான் பக்கத்துச் சமையலறையில் நின்றேன். பரிமாறுகிற ஜன்னல் திறந்திருந்தது. அதைத் திறந்து வைத்தது நான்தான், இனி இதையெல்லாம் மறைத்து எழுத என்ன இருக்கிறது?

ரிக் பேசினார். சட்டம், காப்பீடு, ரேடியோ, சபையின் நல்ல பேர். நிதானமாகத்தான் பேசினார். பாஸ்டர் பேசினார். ஒவ்வொருவராகச் சொல்லி மூன்றுக்கு மூன்று ஆனது. எல்லாரும் இவரைப் பார்த்தார்கள்.

இவர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"நான் முறையாக வந்தவன் என்று எல்லாரிடமும் சொல்வேன். முறையாகத்தான் வந்தேன். அதற்கப்புறம் பதிமூன்று மாதம் முறையில்லாமல் இருந்தேன், எங்கள் அப்பா செத்துப்போனதை அமெரிக்க அரசாங்கத்துக்குத் தெரிவித்ததால்."

யாருக்கும் விளங்கவில்லை. கடிதக் கதையைச் சொன்னார். மூன்றாவது உறைக்கு வந்தபோது ஒருவர் களுக்கென்று சிரித்தார், அப்புறம் எல்லாரும். ரிக்கும் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார்! நான் அந்தக் கதைக்கு அவர் சிரித்துப் பார்த்ததே இல்லை.

சிரிப்பு அடங்கினதும் சொன்னார்: "ரிக், நீ சொல்கிற சட்டம் எனக்கும் வேண்டும். அந்தச் சட்டம் நேராவதற்குப் பதிமூன்று மாதம் பிடித்தது. அதுவரைக்கும் நான் எங்கேயாவது இருக்க வேண்டியிருந்தது. கோபர்ன் என்னிடம் காகிதம் கேட்கவில்லை. என் ஓட்டு, அவர்கள் இருக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காபி வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அப்பாடா என்று இருந்தது.

ரிக் யாரிடமும் பேசாமல் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "இருபத்தைந்து வருஷமாக உன்னைத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றார் இவரிடம். குரலில் கோபம் இல்லை, மனத்தாங்கல்தான். "நான் இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ரேடியோவில் யாராவது உன்னைப் பற்றிப் பேசினால் உனக்காக நான் அங்கே போன் பண்ணுவேன்."

பாஸ்டர், நீயே போய் மாரிசோலிடம் சொல்லு என்று இவரை அனுப்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

பின்கட்டு நடையில் இரண்டு பெரிய பைகளும் ஒரு சமையல் பாத்திர மூட்டையும் கட்டித் தயாராக இருந்தன. பிள்ளைகள் ஜாக்கெட் போட்டு, ஷூ போட்டு, மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கோட்டோடு இவர் வருவதைப் பார்த்ததும் மாரிசோல் ஒன்றும் கேட்காமல் ஒரு பையைத் தூக்கித் தோளில் போட்டாள். சின்னவள் கையைப் பிடித்தாள்.

இவர் நேரே அவளிடம் போனார். அவள் தோளிலிருந்து பையை வாங்கினார். வாங்கி, வெளிவாசல் பக்கம் போகாமல், அறைக்குள்ளே கொண்டுபோய்க் கட்டில் மேல் வைத்தார். மறுபடி வந்து இன்னொரு பையையும் தூக்கிப் போய் வைத்தார். மூட்டை மேல் இருந்த பிள்ளைகளைப் பார்த்து, எழுந்திரிங்க என்று கையைக் காட்டி, அதையும் தூக்கினார். அப்போதுதான் மாரிசோலுக்கு விளங்கியது. சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அறைக்குள்ளே குளிராக இருந்தது. சுவர் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று பெரியவள் சொன்னாள். இவர் போய்க் குனிந்து, குமிழைப் பாதி திருப்பி, இடது பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். அது புஸ்ஸென்று பற்றிக்கொண்டது.

"எப்படித் தெரியும்?" என்றாள் பெரியவள்.

நானும் அதையேதான் கேட்க இருந்தேன். கோபர்ன் இடம் கொடுத்தார் என்றால் அவர் வீட்டில் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"அந்தப் பதிமூணு மாசமும் நான் இந்த ரூம்லதான் படுத்திருந்தேன்" என்றார், என்னைப் பார்த்துத் தமிழில். அப்புறம் குனிந்து, அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதையே திரும்பச் சொன்னார்.